மாமா ஃப்யூஸ்

கார் நின்றுபோனதற்குக் கல்யாணப் பெண் என்ன செய்வாள், நீங்களே சொல்லுங்கள். பெட்ரோல் போட்டது அவளா? பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியது அவளா? கழுத்து கொள்ளாத மாலையும் தலை கொள்ளாத பூவுமாக, உயர்த்திப் போட்ட பின்சீட்டில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள் கலைப்பிரியா. அவள் செய்தது அவ்வளவுதான். திண்டிவனத்தில் அவளுடைய பெண் அழைப்பு ஊர்வலம் பிள்ளையார் கோயில் வாசலுக்கு வந்த நேரம் பார்த்து, கூரையை வெட்டி எடுத்த அந்தத் திறந்த அம்பாசடர் கார் பொசுக்கென்று அணைந்தது. ஹெட்லைட், சீரியல் பல்பு, எஞ்சின், எல்லாம் ஒரே மூச்சில் போயின. பேண்டு வாத்தியக்காரர்கள் பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கோயில் வாசலில் எடுக்கவேண்டிய ஆரத்தியைக்கூட எடுக்காமல், பெண்ணைக் கீழே இறக்கி மண்டபத்துக்கு நடத்தியே கூட்டிப்போனார்கள்.

அன்றைக்கே மாமியார் அஞ்சம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"வெளக்கணஞ்சி வந்தவ. இது எங்க போயி முடியப்போவுதோ."

அது எங்கேயும் போய் முடியவில்லை. கலைப்பிரியாவும் அவள் புருஷன் திருமுருகனும் ஆறு வருஷமாக நல்லபடியாகத்தான் குடித்தனம் செய்கிறார்கள். நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளைகிறது, பெண் குழந்தை எல்கேஜி போகிறது. ஆனால் மல்லாட்டைக்கு விலை இறங்கினால் விளக்கணைந்த கதை. போர் மோட்டார் எரிந்தால் விளக்கணைந்த கதை. மாடு எட்டி உதைத்துப் பால் கொட்டினாலும் அதே கதைதான். மாட்டுக்கும் அம்பாசடருக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. திருமுருகன் நல்லவன்தான். ஆனால் அம்மா வாயைத் திறந்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கிளம்பிவிடுவான். அந்த மாடு தண்ணீர் குடித்தே பெருத்துவிட்டது.

பேச்சைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நல்ல காரியம் என்றால் அவள் தட்டைத் தொடக்கூடாது என்பதுதான் பொறுக்கமுடியாதது. நாத்தனார் அஸ்வினியின் நிச்சயதார்த்தத்தன்று, அண்ணிக்காரி முன்னால் நின்று பிடிக்கவேண்டிய வரிசைத் தட்டைப் பக்கத்து வீட்டுக்காரி பிடித்தாள். கலைப்பிரியா அடுப்படியில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். கண்ணீர் இரண்டு சொட்டு அதில் விழுந்துகூட இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் கேசரி பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கலைப்பிரியா மயிலம் பக்கத்துப் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமா படித்தவள். புதுச்சேரி ரோட்டில் கமாலுதீன் பாயின் ஷெட்டில் வேலை செய்தாள். பாய் கோட்டக்குப்பத்துக்காரர். துபாயில் வெகுகாலம் கார் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். பழைய கார்களை வாங்கிப் புதுப்பித்துக் கல்யாணத்துக்கும், பொம்மையார்பாளையம் கெஸ்ட் ஹவுஸ்காரர்களுக்கும் வாடகைக்கு விடுவார். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

ஆடி மாதக் கடைசியில் ஒரு நாள் விழுப்புரத்திலிருந்து லாரியில் ஒரு வண்டி வந்து இறங்கியது. தார்ப்பாயை இழுத்ததும் கலைப்பிரியா கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டாள். கூரையில்லாத அம்பாசடர். உயர்த்திப் போட்ட பின்சீட்டு. ரோஜாப்பூப் போட்ட சிவப்பு வெல்வெட். அதே கார்.

"சவுரிராயன்னு ஒருத்தர் வச்சிருந்தாராம்," என்றார் பாய். "ஏதோ ஒரு ஊர்வலத்துல நின்னுபோச்சாம். அபசகுனம்னு பேரு கட்டிட்டாங்க. அதுக்கப்புறம் ஒருத்தன் வாடகைக்குக் கேக்கலையாம். மனுசர் நொந்துபோயி ஷெட்டுல தள்ளி மூடனவருதான், ஒரு ஸ்குரூவ கூட தொடலியாம். பாவம்மா, நல்ல வண்டி."

காருக்கும் அவளுக்கும் ஒரே நாளில் ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள். கலைப்பிரியா அதன் மூக்கில் படிந்திருந்த தூசியைக் கையால் துடைத்தாள்.

"சரி, ஜல்தியா ஆவணும்," என்றார் பாய். "ஆவணி முகூர்த்தத்துக்கு இதுக்கு இப்பவே புக்கிங் வாங்கிட்டேன். அனந்தபுரத்துப் பார்ட்டி. பையன் பேரு கோகுலகிருஷ்ணன், பொண்ணு திண்டிவனம்."

கலைப்பிரியாவுக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. கோகுலகிருஷ்ணன் அஸ்வினியைக் கட்டப்போகிற மாப்பிள்ளை. பெண் அழைப்புக்குக் கார் பேசுவது மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இந்தக் காரையே பேசியிருக்கிறார்கள்.

வீட்டில் சொன்னபோது அஞ்சம்மாள் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். சம்பந்தி வீட்டில் பேசிய காரை வேண்டாம் என்று சொல்ல வாயில்லை. அந்தக் கோபமும் சேர்ந்து மருமகள் பக்கம்தான் திரும்பியது.

"அந்த கட்டைல போற காரே வரட்டும். ஆனா நீ எதிர்ல வரக்கூடாது, சொல்லிட்டேன்."

"அத்த, அது வயரிங் கோளாறு. நானே ரிப்பேர் பண்ணப்போறேன். புதுசா ஓட்டிக் காட்டறேன்."

"எல்லாத்தையும் புதுசா மாத்தினா ஓடத்தான் ஓடும். அன்னிக்கி நின்னது வயராலன்னு யாரு கண்டா? வயர மாத்தலாம். ராசிய மாத்துவியா நீ?"

திருமுருகன் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான்.

கலைப்பிரியாவுக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. மாமியார் பேச்சு எரிச்சலாக இருந்தாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது. பழைய வயரை அறுத்து எறிந்துவிட்டால், கார் ஏன் நின்றது என்பது யாருக்கும், எப்போதும் தெரியப்போவதில்லை. கார் சுத்தமாகிவிடும், அவள் மட்டும் விளக்கணைந்தவளாகவே இருப்பாள்.

மறுநாள் காலையில் பாய் கட்டிங் பிளேயரோடு தயாராக நின்றார்.

"பூரா வயரிங்கையும் உருவிப்போட்டுடு. பழைய வயர நம்பவே கூடாது. எங்க வெடிப்பு, எங்க ஜாயிண்ட்டு, எவன் எதுல எத முடிஞ்சான், ஒண்ணும் தெரியாது. அத நோண்டிக்கினு இருந்தா பேஜாரு. புதுசு போட்டா நிம்மதி."

"ஒரு நாலு நாளு குடுங்க பாய். பழச ஒண்ணொண்ணா செக் பண்ணிட்டு அப்புறம் எடுக்கலாம்."

"எதுக்கு? எடுக்கப்போறதுதானே?"

கலைப்பிரியா மறைக்கவில்லை. தன் கல்யாணத்தில் நின்றது இந்தக் கார்தான் என்பதையும், ஆறு வருஷமாக வாங்கிய பேச்சையும், கேசரியையும் சொன்னாள். பாய் பிளேயரைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, இப்ப உனக்குக் கார் சரியாவணுமா, மாமியார் சரியாவணுமா?"

"ரெண்டும்தான்."

"காருக்கு நான் கேரண்டி குடுப்பேன்," என்று சிரித்தார் பாய். "வெள்ளிக்கெழம ஜும்மாவுக்குப் போயிட்டு வருவேன். அதுக்குள்ள கண்டுபுடி. இல்லன்னா கத்தரிதான்."

கலைப்பிரியா பேட்டரியைச் சின்ன ஃப்யூஸ் வழியாக ஒவ்வொரு வயருக்கும் நேரடியாக இணைத்து, கரண்டு வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் லாம்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். போகப்போக அவளுக்கே ஆச்சரியம். ஷெட்டுக்குள் மூடிக் கிடந்ததால் வயர்கள் வெயில் படாமல், எலி கடிக்காமல், பெரும்பாலும் நல்ல நிலையில் இருந்தன. டெயில் லாம்ப் எரிந்தது. ஹார்ன் ஒரு சத்தம் கொடுத்தது பாருங்கள், ரோட்டில் போன சைக்கிள்காரர் இறங்கியே விட்டார். மூன்று நாள் தேடியும் பழுது என்று ஒன்று அகப்படவில்லை. வியாழக்கிழமை சாயங்காலமும் ஆகிவிட்டது. உண்மையிலேயே ராசிதானோ என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டாள். நினைத்ததற்காகத் தன் தலையில் தானே ஒரு குட்டுக் குட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் முன்சீட்டைக் கழற்றிவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்து, ஸ்டீரிங்குக்கு அடியில் தலையை விட்டாள். பேட்டரியிலிருந்து வரும் தலைமை வயர் அது. எஞ்சினுக்குப் போகிற கரண்டும் விளக்குக்குப் போகிற கரண்டும் அது ஒன்றின் வழியாகத்தான் வரவேண்டும். அந்தக் காலத்து வண்டியில் அதற்கு ஃப்யூஸ் கிடையாது. அந்த வயரில், பெடலுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், இலந்தைப்பழம் அளவுக்கு ஒரு முடிச்சு இருந்தது. தொட்டதும் கரி கையில் வந்தது. யாரோ வயரைச் சீவி, இன்னொரு வயரை முறுக்கிச் சேர்த்து, டேப்புக்குப் பதிலாகத் துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தார்கள். மஞ்சள் துணி. பாதி கருகியிருந்தது. மெல்லப் பிரித்தாள். கருகாத பாதியில் பச்சை எழுத்தில் அச்சு இருந்தது. "முருகன் – கலைப்பிரி" என்று படித்தாள்.

அவள் கல்யாணத்துத் தாம்பூலப் பை.

உள்ளே செம்பு கறுத்துப் பொடியாகிக் கிடந்தது. விரல் பட்டதும் வயர் இரண்டாக விழுந்தது. இரண்டு முனைகளையும் புதுச் செம்பால் சேர்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினாள். ஹெட்லைட் இரண்டும் பளிச்சென்று எரிந்தன.

அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஊர்வலம் கிளம்பி, கோயில் தெரு திரும்புவதற்கு முன்னால், காரைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார் ஒருவர். ஸ்டீரிங்குக்கு அடியில் தலையை விட்டு, பட்டு வேட்டி கட்டிய பின்பக்கத்தை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு ஏதோ செய்தார். வெளியே வந்ததும் காரின் முகப்பில் ஆளுயர லைட் போர்டு ஒன்று ஜொலித்தது, ஸ்பீக்கர் பெட்டி அலறியது. மாமியாரின் தம்பி விருத்தாசலம். புருஷனுக்குத் தாய்மாமன். சின்ன வயதில் மைக் செட் வைத்திருந்தவர் என்பதால் உலகத்தில் உள்ள கரண்டெல்லாம் தன் பேச்சைக் கேட்கும் என்று நினைக்கிற மனிதர். போர்டும் ஸ்பீக்கரும் இழுத்த இழுப்பில் அந்த ஜாயிண்ட் வெந்து அறுந்திருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, இதுதான்.

கலைப்பிரியா தரையில் படுத்தபடியே சிரித்தாள். சிரிப்பு நின்றதும் அழுதாள். அழுது முடித்ததும் வந்தது பாருங்கள் ஒரு கோபம், ஆறு வருஷத்துக் கோபம்! துணியை டிபன் டப்பாவில் போட்டு மூடிக்கொண்டு நேரே வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

வீட்டில் விருத்தாசலம் மாமாவே உட்கார்ந்திருந்தார். முன்னால் வாழை இலை, அதில் கோழிக்குழம்பு. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"இந்த வாட்டி போர்டு பத்தடிக்கா," என்று மாமா எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னார். "தாய்மாமன்னா யாருன்னு அனந்தபுரத்துக்காரனுங்க தெரிஞ்சிக்கணும்."

கலைப்பிரியாவின் கை டப்பா மூடியில் இருந்தது. திறந்து அந்தக் கருகிய துணியை அவர் இலையில் போட்டால் போதும். வாய் நுனிவரைக்கும் வந்துவிட்டது. அப்போது அஸ்வினி கதவோரம் நிற்பதைப் பார்த்தாள். கையில் மாமா கொண்டுவந்த சீர்ப் புடவை, முகமெல்லாம் சிரிப்பு. தாய்மாமன் இல்லாமல் அந்தப் பெண்ணுக்கு எந்தச் சடங்கு நடக்கும்? முகூர்த்தத்துக்கு முன்னால் நலங்குக்கு அவர் வேண்டும், மாலை போட அவர் வேண்டும், மணவறைக்குக் கைபிடித்து வர அவர் வேண்டும். இவரோ ஒரு சொல் பொறுக்காதவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனால் காலில் விழுந்தாலும் திரும்பமாட்டார். தன் மானத்தை மீட்கப் போய் நாத்தனார் கல்யாணத்தை மூளியாக்குவதா?

"இன்னாம்மா, டப்பால இன்னா?" என்றார் மாமா.

"ஒண்ணுமில்ல மாமா. மத்தியானச் சோறு. பசிக்கல."

கொல்லைப்புறம் போய் நின்று பல்லைக் கடித்துக்கொண்டாள். கெட்டிக்காரிகளுக்கு வருகிற கஷ்டம் மக்குகளுக்கு வருவதில்லை.

மறுநாள் ஷெட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. மாமா போட்ட முடிச்சைப் பற்றி அவள் சொன்னதைக் கேட்ட பாய், டெஸ்ட் லாம்ப்பை எடுத்து எல்லா வயரையும் தானே ஒருமுறை பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

"அட, வயரு அருமையா இருக்குதும்மா! அந்த ஒரு முழத்த மட்டும் மாத்திட்டு மீதிய அப்படியே வச்சிக்கலாம். கம்பெனி வயரு. இப்பல்லாம் கிடைக்காது. பாண்டிச்சேரிப் பக்கம் கார் பாக்க வர்றவன் மொதல்ல ஒரிஜினலான்னுதான் கேக்கறான்."

"கூரைய அறுத்துப்புட்டு வயரு ஒரிஜினலா இருக்கணுமா பாய்?"

"நேத்து வரைக்கும் பழச அறுக்காதன்னவ நீதானே?"

"நேத்து எனக்கு அது வேணும், இன்னிக்கி வேணாம். மொத்தமா மாத்தணும்."

பாய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குதுன்னு நீயே செக் பண்ண. அப்புறம் ஏன்?"

"வயரு மேல தப்பே இல்ல பாய். இது ஒரு குடும்பம் உக்காந்து ஊருக்குப் போறதுக்குப் போட்ட வயரு. நாம இத எதுக்கு வுடப்போறோம்? ஊர்வலத்துக்கு. எஞ்சின் நடக்கற வேகத்துல போவும், சார்ஜ் ஏறாது. மேல ஆயிரம் பல்பு. இதுல ஒவ்வொரு கல்யாணத்துலயும் ஒரு மாமா இருப்பாரு. போர்ட எடுத்துக்கினு வருவாரு. வேணாம்னா கேக்கமாட்டாரு. எங்கயாவது கீழ குனிஞ்சி, கெடச்ச வயர சீவி முடிஞ்சிட்டுப் போயிருவாரு. இன்னிக்கி எங்க மாமா, நாளைக்கி வேற மாமா. பழைய வயரிங்ல அவரு கைவச்சா மொத்தக் காரும் நிக்கும். நின்னா பொண்ணு தலையிலதான் விடியும்."

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. பாய் இரண்டு டீ சொன்னார்.

"சரி, சொல்லு. எப்படிப் போடலாம்?"

அவள் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக் காட்டினாள். எஞ்சினுக்குத் தனி வழி, ஹெட்லைட்டுக்குத் தனி வழி, ஒவ்வொன்றுக்கும் தனி ஃப்யூஸ். தலைமை வயர் கை எட்டாத இரும்புக் குழாய்க்குள். பின்சீட்டுக்குப் பக்கத்தில், யார் கண்ணிலும் படுகிற மாதிரி, அழகாக ஒரு பிளக் பாயிண்ட். டிக்கியில் அதற்கென்று தனியாக இன்னொரு பேட்டரி, தனியாக ஒரு ஃப்யூஸ்.

"குனிஞ்சி தேட வேணாம். மரியாதையா நிமிந்தே சொருவலாம். அளவா போட்டா எரியும். அளவு மீறினா அவரு ஃப்யூஸ் மட்டும் போவும். காருக்குத் தெரியக்கூடத் தெரியாது."

பாய் வாய்விட்டுச் சிரித்தார். "மாமா ஃப்யூஸ்! துபாய்ல கூட எவனும் யோசிக்கலையே இத!"

பழைய வயரிங்கைக் கலைப்பிரியாவே உருவினாள். கோபமில்லாமல், நல்ல வயர் என்பதால் வெட்டாமல், சுருளாகச் சுற்றி ஆணியில் மாட்டினாள். இரண்டு வாரம் அவளும் பாயும் ராப்பகலாக என்று சொல்லமுடியாது, பகலெல்லாம் உழைத்தார்கள். புதுப் பெயிண்டோடு கார் ஷெட்டை விட்டு வெளியே வந்தபோது பாயின் வீட்டம்மா பர்வீன் வந்து பார்த்து, "மாஷா அல்லாஹ், இதுக்குத்தான் திருஷ்டி சுத்தணும்," என்றாள்.

பெண் அழைப்பு நாள் வந்தது. ஓட்டப்போவது யார் என்பதில் சண்டை. புது வயரிங், முதல் ஓட்டம், கலைப்பிரியாதான் ஓட்டவேண்டும் என்றார் பாய். அஞ்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அஸ்வினி பட்டுப்புடவையோடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி ஓட்டலன்னா நான் ஏறமாட்டேன். அவ்ளோதான்."

சம்பந்திகள் பார்க்கிறார்களே என்று அஞ்சம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தாள். "ஓட்டட்டும். தட்ட மட்டும் தொடக்கூடாது."

மாமா பத்தடி போர்டோடு வந்தார். "தாய்மாமன் விருத்தாசலம்" என்று ஒவ்வொரு எழுத்தும் பூசணிக்காய் அளவு. மணமக்கள் பெயர் அடியில் எங்கேயோ பொடியாக இருந்தது. கூடவே இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. கலைப்பிரியா அவரிடம் நேராகவே சொன்னாள். ஒளித்து வைத்து ஒருவரைக் கவிழ்ப்பது அவள் குணமில்லை.

"மாமா, போர்டுக்குன்னு தனி பாயிண்ட் வச்சிருக்கறேன். போர்டு மட்டும் போடுங்க. ஸ்பீக்கரயும் சேத்தா தாங்காது."

"எனக்குக் கரண்டு சொல்லித் தர்றியா? நான் மைக் செட் வச்சிருந்தப்ப நீ பொறக்கவே இல்ல."

"சொல்ல வேண்டியது சொல்லிட்டேன் மாமா."

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பேண்டு, அதற்குப் பின்னால் தட்டேந்திய பெண்கள், அவர்கள் நடுவில் அஞ்சம்மாள், பிறகு கார். தனி பாயிண்ட்டில் மாமாவின் போர்டு எரிய, பின்சீட்டில் அஸ்வினி ஜொலித்தாள். ஸ்டீரிங்கில் அரக்குப் பட்டுப் புடவையில் கலைப்பிரியா. எஞ்சின் கொஞ்சங்கூட முனகாமல் நடந்தது. பிள்ளையார் கோயில் தெரு திரும்பியதும் அவள் கால் தானாகவே பிரேக்கைத் தேடியது. எவ்வளவு படித்தால் என்ன, ஆறு வருஷம் கேட்ட பேச்சு உடம்புக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. பக்கத்தில் நடந்து வந்த பாய், "ஒண்ணும் ஆவாது, நம்ம கையால போட்டது," என்று மெல்லச் சொன்னார்.

கோயில் வாசல் வந்தது. மாமாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "பாட்டப் போட்றா!" என்று கத்திக்கொண்டே ஸ்பீக்கர் பிளக்கையும் அதே பாயிண்ட்டில் சேர்த்துச் சொருகினார்.

டப்பென்று ஒரு சின்னச் சத்தம். பூசணிக்காய் எழுத்துகள் அத்தனையும் அணைந்தன. ஸ்பீக்கர் வாயடைத்துப்போனது.

"நின்னுடுச்சி! நின்னுடுச்சி! கார் நின்னுடுச்சி!" என்று மாமா கையைத் தூக்கிக் கூவினார்.

கூட்டம் ஒரு கணம் மூச்சைப் பிடித்தது. அஞ்சம்மாள் நெஞ்சில் கைவைத்துத் திரும்பினாள். ஹெட்லைட் இரண்டும் அவள் முகத்திலேயே அடித்தன. அஸ்வினியைச் சுற்றி ஆயிரம் பல்பும் எரிந்தன. கார் அதுபாட்டுக்கு நகர்ந்து வந்துகொண்டிருந்தது, மாமாதான் தெருவில் தனியாக நின்றார்.

"மாமா, கார் நிக்கல," என்று அஸ்வினி பின்சீட்டிலிருந்து கத்தினாள். "நீங்கதான் நின்னுட்டீங்க!"

தெருவே சிரித்தது. பேண்டுக்காரர்கள் சிரிப்புத் தாங்காமல் வாசிப்பை விட்டார்கள். மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

"சிரிக்கறீங்களா? இந்தக் காருக்கு என் போர்டுன்னாலே ஆவறதில்ல! போன வாட்டியும் இப்படித்தான். நான் கீழ பூந்து வயர முடிஞ்சிட்டு வந்தேன், கோயிலாண்ட வந்ததும் மொத்தமா அணைஞ்சிச்சி. இந்த வாட்டி என் போர்ட மட்டும் அணைக்குது!"

சிரிப்பு பட்டென்று அடங்கியது. கலைப்பிரியா பிரேக்கை அழுத்தினாள்.

"எந்த வாட்டி?" என்றாள் அஞ்சம்மாள்.

மாமாவுக்கு அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்பது புரிந்தது. "இல்லக்கா, அது வந்து…"

"எந்த வாட்டிடா?"

"திருமுருகன் கல்யாணத்துல…"

அஞ்சம்மாள் ஆரத்தித் தட்டோடு தம்பியின் முன்னால் போய் நின்றாள். அந்த அம்மாளுக்கு ஊர் பார்க்கிறது, சம்பந்தி பார்க்கிறார் என்பதெல்லாம் மறந்துவிட்டது.

"ஆறு வருஷமா என் வூட்டு மருமவள வெளக்கணஞ்சவ, வெளக்கணஞ்சவன்னு நான் கூவிக்கினு இருக்கறேன். பக்கத்துல உக்காந்து கோழிக்கொழம்பு துன்னியே, ஒரு வார்த்த வாயத் தொறந்தியா? நீ வயர முடிவ, என் மருமவ பேச்சு வாங்குவாளா?"

"நான் இன்னா கண்டேன்க்கா. ஒரு பேருக்கு ஆசப்பட்டு…"

"கோச்சிக்கினு போறதுன்னா இப்பவே போ. இல்லன்னா போர்ட கீழ போட்டுட்டு, சீர்த் தட்டத் தூக்கிக்கினு பின்னால நட."

தோளில் கிடந்த துண்டை மாமா தொட்டுப் பார்த்தார். மேலே அஸ்வினியைப் பார்த்தார். துண்டைத் தலையில் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு, சீர்த் தட்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். அதற்காக அவரை எனக்குக்கூடக் கொஞ்சம் பிடித்துப்போனது.

அஞ்சம்மாள் காரின் பக்கம் வந்தாள். அவளுக்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. அந்த வார்த்தை அவள் நாக்குக்கு வராது. கண் மட்டும் கலங்கியிருந்தது. ஆரத்தித் தட்டைக் கதவுக்கு மேலாக நீட்டினாள்.

"இன்னா பாத்துகினு உக்காந்திருக்கற? பொண்ணுக்கு அண்ணிதான் ஆரத்தி சுத்தணும். எறங்கி வா."

"கையில கிரீஸ் அத்த."

"என் முந்தானையில தொட."

பக்கத்தில் நின்ற பாய் கலைப்பிரியாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தான் கண்ணைத் துடைப்பது தெரியாதபடி வேறு பக்கம் திரும்பி, "அணைச்சிட்டு எறங்கும்மா," என்றார்.

கலைப்பிரியா ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். சாவியைத் தொடவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க, எல்லா விளக்கும் எரிந்துகொண்டே இருக்க, கதவைத் திறந்து கீழே இறங்கினாள்.